அடாவடியும் அப்பாவியும்

மார்ச் 2

அண்ணா,

அன்புள்ளன்னு போடல, கவனிச்சிருப்பே. கோபம் தீர்ந்ததும் போடறேன்.

உன் தங்கச்சி பேனா பிடிச்சு எழுதறதைப் பார்த்து பயந்துடாதே. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். போன ஞாயிற்றுக்கிழமை நான் உனக்கு போன் பண்ணி, "அண்ணா, நீ மாமாவாகப் போறே"ன்னு சொன்னேன். எந்த அண்ணனா இருந்தாலும் "அப்படியா!"ன்னு ஒரு வார்த்தை சந்தோஷமா சொல்லியிருப்பான். நீ கேட்டது, "பிரஷர் எவ்வளவு?" சரி, ஆராய்ச்சிக்காரன் புத்தி அப்படித்தான்னு விட்டேன். அதோட நிறுத்தினியா? "பிரசவம் ஆனதும் நஞ்சுக்கொடியைத் தூக்கிப் போட்டுடாதீங்க, எனக்கு வேணும்"னே.

போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. அத்தை பக்கத்துல உட்கார்ந்து துணி மடிச்சிட்டிருந்தாங்க. கையில இருந்த தலையணை உறை அப்படியே நழுவி விழுந்துடுச்சு. "உங்க அண்ணனுக்கு எதுக்கும்மா அது?"ன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்ல? என் மாமியார் எதுக்கும் அசராதவங்க. அன்னிக்கு சாப்பிடல.

அப்புறம் ஒரே நாள்ல நாற்பது மெசேஜ். அதுல முப்பது கட்டுரை. இவர் ஒரு பிரஷர் மெஷின் வாங்கிட்டு வந்திருக்கார். ஃப்ரிட்ஜ் ரிப்பேர்காரர் இல்லையா, மீட்டர்னு எதைப் பார்த்தாலும் விடமாட்டார். நீ பேசறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பேசின பிறகு ஒரு தடவை அளந்து பார்த்தார். "கம்ப்ரஸரா இருந்தா இந்நேரம் வெடிச்சிருக்கும்"னு சொல்லி, என் போன்ல உன் நம்பரை பிளாக் பண்ணிட்டார். அவர் போன்லயும்தான்.

இனிமே கடிதம்தான். தபால்ல வர நாலு நாள் ஆகும். அதுக்குள்ள உன் வேகமும் குறையும், என் பிரஷரும் குறையும்.

உன் தங்கச்சி


மார்ச் 8

அன்புள்ள வாலு,

முதலில் வாழ்த்துகள். ஒரு வாரம் தாமதமாகச் சொல்கிறேன் என்பது தெரியும். உன் மாமியாரிடம் என் மன்னிப்பைச் சொல். அவர் மறுபடி சாப்பிட ஆரம்பித்துவிட்டார் என்று நம்புகிறேன்.

என் வேலை என்னவென்று நம் வீட்டில் யாருக்குமே சரியாகத் தெரியாது. "நஞ்சுக்கொடி" என்று வாய்விட்டுச் சொல்ல அம்மாவுக்குக் கூச்சம். அதனால் அக்கம்பக்கத்தில் "கொடி ஆராய்ச்சி" என்று சொல்லி வைத்திருக்கிறார். கீழ் வீட்டுக்காரர் தன் வாசலில் படரவிட்டிருக்கும் கொடி ஏன் பூப்பதில்லை என்று என்னைக் கேட்கிறார். எதிர் வீட்டுக்காரர் எந்த நாட்டுக் கொடி என்று கேட்டார்.

நான் உன்னிடம் பிரஷரைக் கேட்டது வேலைப் பழக்கத்தால் இல்லை. நீ பிறந்தபோது செருப்பு டப்பாவில் அடங்கினாய் என்று அம்மா சொல்லும் கதையை நீயும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாய். அந்தக் கதையின் முன்பாதி உனக்குத் தெரியாது. எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவுக்கு ஏழாம் மாதம் முடிந்திருந்தது. தலைவலி என்று இரண்டு நாளாகப் படுத்திருந்தார். முகம் வீங்கி வேறு யாரோ மாதிரி இருந்தது. நான் வீட்டுப்பாட நோட்டைக் காட்டப் போனேன். வாங்குவதற்குக் கை நீட்டியவர் அப்படியே சாய்ந்து விழுந்தார். கைகால் வெட்டி இழுத்தது. நான் நோட்டைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

உன்னை அவசரமாக எடுத்தார்கள். அம்மாவுக்கு ஐந்து நாள் நினைவில்லை. அதற்குப் பெயர் கர்ப்பகால ரத்த அழுத்த நோய். நஞ்சுக்கொடியில் ஆரம்பிக்கிற நோய் அது. அம்மாவுக்கு வந்திருந்தால் மகளுக்கு வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வந்தே தீரும் என்று இல்லை. ஆனால் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அடுத்த தடவை போகும்போது இதை மட்டும் சொல். தள்ளிப்போடாமல் சொல்.

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

உன் கடிதத்தை வேலை நேரத்துல, மூக்குக் கண்ணாடிக் கடையில வச்சுப் படிச்சேன். ஒரு பெரியவர் கண் டெஸ்ட்டுக்கு நாற்காலியில உட்கார்ந்திருந்தார். முதல் வரிசையைப் படிங்கன்னு சொல்லிட்டு நான் இதைப் படிச்சிட்டிருந்தேன். அவர் கடைசி வரிசை வரைக்கும் படிச்சு முடிச்சிட்டு, "நான் பாஸா, ஃபெயிலாம்மா?"ன்னு கேட்டார். நான் அழுதுட்டிருந்தேன். ஃபெயில்னு நினைச்சு பாவம் அவரும் கலங்கிட்டார்.

ரெண்டு நாள் உன்மேல மனசுக்குள்ளயே கோபப்பட்டேன். இத்தனை வருஷமா எனக்கு யாருமே சொல்லலையே. அம்மாவுக்கு போன் பண்ணிக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு இப்ப? சாப்பிட்டியா?"ன்னு கேட்டாங்க. மறுபடி கேட்டேன். "அடுப்புல பால் வச்சிருக்கேன்"னு வச்சிட்டாங்க. அந்த நேரத்துக்கு அம்மா என்னிக்குப் பால் காய்ச்சியிருக்காங்க?

டாக்டரம்மாகிட்ட சொன்னேன். செருப்பு டப்பாவுல ஆரம்பிச்சேன், பழக்க தோஷம். எல்லாரும் சிரிக்கிற இடத்துல அவங்க சிரிக்கல. பேனாவைக் கீழே வச்சிட்டு, "முதல்லயே ஏம்மா சொல்லல?"ன்னாங்க. தினம் ராத்திரி போட்டுக்க ஒரு சின்ன ஆஸ்பிரின் மாத்திரை குடுத்திருக்காங்க. அதனால நீ ஜெயிச்சிட்டே. சந்தோஷமா?

இப்ப எனக்கு ஒண்ணு புரியணும். குழந்தைக்குச் சாப்பாடு குடுக்கற கொடிக்கும் என் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு மட்டும் சொன்னா போதாது, அத்தைக்கும் புரியணும். நீ கொடியைக் கேட்ட விஷயத்தை அவங்க இன்னும் விடல. நடுவுல ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருந்தாலும் கடிதத்தைத் திருப்பி அனுப்பிடுவேன்.

தங்கச்சி


மார்ச் 27

அன்புள்ள வாலு,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். மாணவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் நடத்துகிற பாடம் இது. உன் மாமியாருக்காக எழுத உட்கார்ந்தால் வேர்க்கிறது.

நஞ்சுக்கொடி அம்மாவின் உறுப்பு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதைச் செய்வது குழந்தை. கர்ப்பப்பையில் வந்து இறங்கியதும் குழந்தை செய்கிற முதல் வேலை அம்மாவின் ரத்தக் குழாய்களைத் தேடிப் போவதுதான். குறுகலாக இருக்கும் குழாய்களை அகலப்படுத்தி, தன் பக்கம் தாராளமாக ரத்தம் வரும்படி வழி செய்துகொள்ளும். சிலருக்கு இந்த வேலை பாதியில் நின்றுவிடும். குழாய் குறுகலாகவே இருக்கும். மாப்பிள்ளையைக் கேள், அரை அங்குலக் குழாய் கேட்கிற இடத்தில் கால் அங்குலம் போட்டால் என்ன ஆகும் என்று.

ரத்தம் போதாத நஞ்சுக்கொடி தவித்துப்போய் ஒரு புரதத்தை அம்மாவின் ரத்தத்தில் அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. இன்னொரு புரதம் உண்டு. அதுதான் அம்மாவின் ரத்தக் குழாய்களைத் தளர்வாக, நிம்மதியாக வைத்திருப்பது. முதலாவது ஊரெல்லாம் சுற்றி இந்த இரண்டாவதைப் பிடித்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. குழாய்கள் இறுகுகின்றன. ரத்த அழுத்தம் ஏறுகிறது. மூளை, கண், சிறுநீரகம் எல்லாம் அவதிப்படுகின்றன. அந்தப் பக்கம் குழந்தைக்குச் சாப்பாடு போதாமல் அது வளராமல் போகிறது.

இன்னொன்று. நஞ்சுக்கொடியின் மரபணுக்களில் பாதி அப்பாவிடமிருந்து வந்தவை. அதில் சில, அப்பா தந்த பிரதி மட்டும் வேலை செய்பவை. அவை பெரும்பாலும் "இன்னும் கொண்டா, இன்னும் கொண்டா" என்று அம்மாவின் உடம்பிலிருந்து இழுக்கும். அம்மா தந்த பிரதி மட்டும் வேலை செய்பவை "போதும், அவளுக்கும் கொஞ்சம் விட்டு வை" என்று பிடித்து நிறுத்தும். இரண்டும் சரியாக இழுத்துப் பிடித்தால்தான் குழந்தை ஒழுங்காக வளரும்.

இங்கிலீஷ் வார்த்தை ஒன்றும் இல்லை. சரிபார்த்துவிட்டேன்.

அண்ணன்


மே 4

அண்ணா,

உன் கடிதத்தை நடுவீட்டுல உரக்கப் படிச்சேன். படிச்சிருக்கக் கூடாது.

"பாதி அப்பாவிடமிருந்து"ன்னு வந்ததும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. "அப்ப அதுல எங்க பங்கும் இருக்குல்ல? எங்களைக் கேட்காம உங்க அண்ணன் எப்படிக் கேட்கலாம்?"னாங்க. அடுத்த பத்தியில "இன்னும் கொண்டா"ன்னு இழுக்கறது அப்பா வீட்டு மரபணுன்னு வந்துச்சா, நான் வாயை வச்சிட்டு சும்மா இருக்கணும்ல? "கல்யாணத்துக்கு அப்புறம் வெளியில நடக்கறதுதான் உள்ளேயும் நடக்குது"ன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் வீட்டுல பேச்சே இல்ல. நடுவுல மாட்டிக்கிட்டு இவர்தான் முழிச்சார். "நான் எதையும் இழுக்கலையே, நான் பாட்டுக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்ணிட்டிருக்கேன்"னு புலம்பினார்.

மூணாம் நாள் அத்தையே வந்து பேசினாங்க. அவங்களுக்குக் கதை பிடிச்சுப் போச்சு. ரெண்டு புரதத்துக்கும் பேர் வச்சிட்டாங்க. ஊரைச் சுத்திப் பிடிச்சு வச்சுக்கறவன் அடாவடி. பிடிபடறவன் அப்பாவி. இப்பல்லாம் நான் கொஞ்சம் முகம் சுளிச்சாலும் "என்ன, அடாவடி வேலையைக் காட்டறானா?"ன்னு கேட்கறாங்க.

போன வாரம் ஸ்கேன் எடுத்தோம். குழந்தை நல்லாத்தான் இருக்கு. கர்ப்பப்பைக்குப் போற ரத்தம் மட்டும் கொஞ்சம் இறுக்கமா போகுதாம். "பார்த்துக்கிட்டே இருப்போம்"னாங்க டாக்டரம்மா. அவங்க அப்படிச் சொல்லும்போது உன் மூஞ்சி மாதிரியே இருந்துச்சு.

தங்கச்சி


மே 12

அன்புள்ள வாலு,

ஸ்கேன் விஷயம் படித்தேன். உன் டாக்டர் நல்ல டாக்டர். அவர் சொல்வதைக் கேள். நான் கட்டுரை எதுவும் இதனுடன் வைக்கவில்லை. வைக்க எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன்.

உன் மாமியார் வைத்த பெயர்களை மதியச் சாப்பாட்டின்போது இங்கே சொன்னேன். சிரிப்புக்காகத்தான் சொன்னேன். ஒரே வாரத்தில் ஆய்வுக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. மாணவர்கள் சோதனைக் குழாய்களில் அ.டா., அ.பா. என்று எழுதுகிறார்கள். நேற்று எங்கள் பேராசிரியை, வெளியிலிருந்து வந்த நிபுணர்களுக்கு முன்னால், "இந்த நோயாளியிடம் அடாவடியின் அளவு..." என்று சொல்லிவிட்டு, சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார். ஒரு நிபுணர் அதைக் குறித்துக்கொண்டார்.

நஞ்சுக்கொடியைக் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீ நல்லபடியாக இருந்தால் போதும்.

அண்ணன்


ஜூன் 24

அண்ணா,

நேத்து மறுபடி ஸ்கேன். குழந்தை வயசுக்கு ஏத்த வளர்த்தி இல்லையாம். டாக்டரம்மா ஒரு படத்தைக் காட்டினாங்க. கோடு கோடா மேல ஏறிப் போகுது. எல்லாக் குழந்தைக்கும் அந்தக் கோடுகளுக்கு நடுவுல புள்ளி. நம்மளுது கடைசிக் கோட்டுக்கும் கீழே. ரத்தம் எடுத்து அந்த ரெண்டு புரதத்தையும் அளந்தாங்க. அடாவடி ரொம்பவே ஏறியிருக்கான். அப்பாவியைக் கண்ணுலயே காணோம்.

நான் வெளியில வந்ததும் இவர்கிட்ட, "உங்க குழந்தை ஒழுங்கா சாப்பிட மாட்டேங்குது, உங்களை மாதிரியே"ன்னு சொல்லிச் சிரிச்சேன். இவரும் சிரிச்சார். அப்புறம் வண்டியை ஸ்டார்ட் பண்ணாம சாவியைக் கையில வச்சிட்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தார்.

பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கு. வாரம் ரெண்டு தடவை வரச் சொல்லியிருக்காங்க. மெஷினை வச்சிட்டு இவர் ஒரு சோதனை பண்ணார். உன் கடிதம் வந்த அன்னிக்கெல்லாம் பத்து பாயின்ட் கூடுதாம். அதனால புது ஏற்பாடு. இனிமே உன் கடிதத்தை அவர் முதல்ல படிச்சிட்டு, எனக்கு ஆகும்னா குடுப்பார், இல்லன்னா சுருக்கமா சொல்வார். கோபப்படாதே. பயமா இருக்குண்ணா. யார்கிட்டயும் சொல்லல, உன்கிட்டதான் சொல்றேன்.

தங்கச்சி


ஜூலை 14

அன்புள்ள வாலு, மற்றும் இதை முதலில் படிக்கும் மாப்பிள்ளை அவர்களுக்கு,

தணிக்கை ஏற்பாட்டை ஏற்றுக்கொள்கிறேன். பயப்படுவதில் தவறில்லை, வாலு. எனக்கும் இருக்கிறது. வேலை என்று பார்த்தால் பயம் வருவதில்லை. நீ என்றால் வருகிறது.

மாப்பிள்ளைக்காகத் தனியாக எட்டுப் பக்கக் குறிப்பு ஒன்று இணைத்திருக்கிறேன். கையில் எந்த இடத்தில் பிரஷர் மெஷினின் பட்டையைக் கட்ட வேண்டும், உட்காரும்போது காலை எப்படி வைக்க வேண்டும் என்று முதல் ஆறு பக்கங்களில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. முழுவதும் படிக்கவும்.

அண்ணன்


ஜூலை 25

அண்ணா,

உன் குறிப்பை இவர் இன்னும் முடிக்கல. ஃப்ரிட்ஜுல கேஸ் ஏறுற நேரத்துலதான் படிப்பாராம். தினம் ஒரு பக்கம்கூட ஆகறதில்ல. "உங்க அண்ணன் நல்லா வரையறார்"னு மட்டும் சொன்னார்.

நான் சும்மாத்தான் எழுதறேன். நேத்துலேருந்து தலைவலி. கடையில வெளிச்சம் சரியில்ல, டெஸ்ட் பண்ற விளக்கு கெட்டுப் போச்சு போல. போர்டைப் பார்த்தா எழுத்துக்குப் பக்கத்துல பளிச் பளிச்சுன்னு மின்னுது. முதலாளிகிட்ட விளக்கை மாத்தச் சொன்னேன். மாத்தினார். புது விளக்கும் மின்னுது. ரெண்டும் ஒரே கம்பெனி, அதான். மோதிரம் வேற கழற்ற வரல, சோப்பு போட்டும் வரல. வயித்துல மேல பக்கம் ஏதோ பிடிச்சிக்கிட்ட மாதிரி இருக்கு, காலையில சாப்பிட்டது ஒத்துக்கல போல.

மத்தபடி நல்லா இருக்கேன். இவர் வேலைக்குக் கிளம்பறார், வழியில தபால்ல போடச் சொல்லிக் குடுத்தனுப்பறேன்.

தங்கச்சி


ஆகஸ்ட் 3, ஆஸ்பத்திரியிலிருந்து

அன்புள்ள அண்ணா,

நான் கண் முழிச்சு நல்லா பேசறதுக்குள்ள நீ ஊருக்குக் கிளம்பிட்டே. லீவு முடிஞ்சுதுன்னு இவர் சொன்னார். அதனால நடந்ததை எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதறேன். பாதி எல்லாரும் சொல்லிக் கேட்டது.

அன்னிக்கு இவர் என் கடிதத்தைப் பெட்டியில போட்டுட்டு ஒரு வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் பார்க்கப் போயிருக்கார். கேஸ் ஏறட்டும்னு உட்கார்ந்து உன் எட்டாம் பக்கத்தை எடுத்திருக்கார். "தலைவலி, கண்ணில் மின்னல், மேல் வயிற்றில் வலி"ன்னு படிச்சதும், காலையில நான் விளக்கைத் திட்டினது ஞாபகம் வந்திருக்கு. ஃப்ரிட்ஜைத் திறந்து போட்டபடியே ஓடி வந்துட்டார். அந்த வீட்டம்மா பின்னாலேயே "தம்பி, ஐஸெல்லாம் உருகுது"ன்னு கத்திட்டே தெருமுனை வரைக்கும் வந்தாங்களாம்.

பிரஷர் நூத்தி எழுபதுக்கு மேல. ஃபிட்ஸ் வராம இருக்க ஊசி போட்டாங்க. உடம்பெல்லாம் நெருப்பு ஊத்தின மாதிரி இருந்துச்சு. குழந்தையோட நுரையீரலுக்குன்னு தனியா ஊசி. ரெண்டு நாள் தாக்குப்பிடிச்சு, அப்புறம் ஆபரேஷன்.

நீயும் அம்மாவும் வந்தது எனக்குப் பாதி கனவு மாதிரி இருக்கு. ஆனா வாசல்ல நடந்ததை இவர் நடிச்சே காட்டினார். நர்ஸ் வெளியில வந்து "பெண் குழந்தை, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க"ன்னு சொன்னதும் எல்லாரும் அழறாங்க. நீ மட்டும் "வெயிட்?"னு கேட்டியாம். "ஆயிரத்து நானூறு"ன்னாங்களாம். "முப்பத்துமூணு வாரத்துக்கு அது..."ன்னு ஆரம்பிச்சு, முடிக்காமலே சுவரோட சரிஞ்சுட்டியாம். எனக்காகக் கொண்டுவந்த சக்கர நாற்காலியில உன்னைத் தள்ளிட்டுப் போனாங்களாம். அண்ணா, நீ எத்தனை நஞ்சுக்கொடியை வெட்டிப் பார்த்திருப்பே!

இன்னொண்ணு உனக்கு யாரும் சொல்லல. ஆபரேஷனுக்கு முன்னாடியே நான் நஞ்சுக்கொடியை ஆராய்ச்சிக்குக் குடுக்கறேன்னு கையெழுத்து போட்டிருந்தேன். நர்ஸ் வந்து "யார்கிட்ட குடுக்கணும்?"னு கேட்டப்போ நீ நாற்காலியில மயங்கிக் கிடந்தே. அத்தைதான் முன்னால வந்தாங்க. "எங்க பங்கும் இருக்கு, நான் வாங்கிக்கறேன்"னு வாங்கி, "அடாவடி உள்ளேதானே இருக்கான்? நல்லா பூட்டு"ன்னு இவர்கிட்ட குடுத்திருக்காங்க. இவர் தன் வண்டியில இருந்த குளிர்பெட்டியில வச்சு, வெப்பம் ஏறாம, மணிக்கு ஒரு தடவை மீட்டர் பார்த்து, உன் ஆய்வுக்கூடத்துக்கே வண்டியோட்டிக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தார். "இந்த மாதிரி ஒரு டெலிவரி என் வாழ்க்கையிலேயே பண்ணதில்ல"ன்னார்.

"முக்கியமானதை முதல் பக்கத்துல எழுதினா என்ன? இத்தனை படிச்ச பிள்ளை கடைசியிலயா எழுதுவான்?"ன்னு அத்தை உன்னைக் கேட்கச் சொன்னாங்க. கேட்டுட்டேன்.

தங்கச்சி


ஆகஸ்ட் 10

அன்புள்ள வாலு,

உன் மாமியாரிடம் சொல், அவர் சொன்னது சரி. இந்த வாரம் எங்கள் ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற கைப்பிரதியைத் திருத்தி எழுதினேன். ஓட வேண்டிய அறிகுறிகள் முதல் வரியில் இருக்கின்றன. பட்டை கட்டுகிற படம் பின்பக்கத்துக்குப் போய்விட்டது.

நான் ஊர் திரும்பியபோது உன் ஜூலை 25 கடிதம் கதவுக்கு அடியில் கிடந்தது. நீ பிழைத்துவிட்டாய், குழந்தையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறேன். இருந்தும் அதைப் படித்தபோது செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "ரெண்டும் ஒரே கம்பெனி, அதான்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். நாலு நாள் தபாலில் கிடந்த வரி. மாப்பிள்ளைக்கு அன்று கேஸ் சீக்கிரம் ஏறியிருந்தால்?

நஞ்சுக்கொடி பத்திரமாக வந்து சேர்ந்தது. எங்கள் ஆட்கள் கொண்டுவருவதைவிட ஒழுங்காகப் பொதிந்திருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அதை நான் தொடவில்லை. சொந்தக்காரர்களுடையதை நாங்கள் பார்க்கக் கூடாது என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் என்னால் முடிந்திருக்காது. என்னோடு வேலை செய்கிறவர் பார்த்தார். முடித்துவிட்டு வந்து, என் மேஜையில் ஒரு தேநீரை வைத்தார். பிறகு சொன்னார். இருக்க வேண்டியதில் பாதி அளவுதான் இருக்கிறதாம். ரத்தம் வராமல் செத்துப்போன திட்டுகள் பல இடங்களில். அடாவடியைத் தயாரிக்கும் மரபணு முழு வேகத்தில் ஓடியிருக்கிறது.

"மிச்சமிருந்த கொஞ்ச இடத்தை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை நாள் தாக்குப்பிடித்தது என்றுதான் தெரியவில்லை" என்றார்.

இத்தனை வருடமும் அதைப் பழுதாகிப்போன உறுப்பு என்று எழுதிவந்திருக்கிறேன். எதற்குத்தான் இதற்கு நஞ்சு என்று பெயர் வைத்தார்களோ. மூச்சு முட்ட முட்ட உன் பெண்ணுக்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

நான் மயங்கி விழுந்ததை ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் சொல்லவில்லை. மாப்பிள்ளை குளிர்பெட்டியைக் கொடுக்க வந்தபோது நடித்துக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அண்ணன்


ஆகஸ்ட் 24

அன்புள்ள அண்ணா,

நேத்து வீட்டுக்கு வந்துட்டோம்! ரெண்டு கிலோவைத் தொட்டதும் விட்டுட்டாங்க. ஆஸ்பத்திரியில ஒவ்வொரு பத்து கிராமுக்கும் அத்தை நர்ஸ்களுக்கெல்லாம் மிட்டாய் குடுத்துட்டு இருந்தாங்க. கடைசியில பெரிய நர்ஸ் வந்து, "இவ ஏறினது போதும்மா, நாங்களும் ஏறிட்டிருக்கோம்"னு கும்பிட்டாங்க.

எனக்கு இன்னும் பிரஷர் மாத்திரை ஓடுது. வாழ்நாள் முழுக்க வருஷா வருஷம் பார்த்துக்கணுமாம். நீ சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன்.

அம்மாவைப் பத்தி உனக்கு எழுதணும். அந்த நாலு வாரமும் அவங்க குழந்தை இருந்த அறையோட கண்ணாடியை விட்டு நகரல. வான்னு கூப்பிட்டா வரமாட்டாங்க. சாப்பாட்டையும் அங்கேயே நின்னுட்டு சாப்பிட்டாங்க. ஒருநாள் நான் மெல்ல நடந்து போய்ப் பக்கத்துல நின்னேன். உள்ளே அவ கையை விரிச்சு விரிச்சு மூடிட்டிருந்தா. அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னாங்க, "நீ பிறந்து அஞ்சு நாள் எனக்கு நினைவே இல்ல. நீ எப்படி இருந்தேன்னு நான் பார்க்கவே இல்ல. டப்பா அது இதுன்னு சொன்னதெல்லாம் நர்ஸ் சொல்லிக் கேட்டது. அதான் இப்ப பார்த்துக்கறேன்." அப்புறம், "நீ போய்ப் படு, கால் வீங்கும்"னாங்க.

நான் போகல. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் நின்னோம்.

இப்ப ரெண்டு பேரும் இங்கதான், அம்மாவும் அத்தையும். குளிப்பாட்டறது யாருன்னு தினம் சண்டை. உள்ளே முடிஞ்ச இழுபறி வெளியில ஆரம்பிச்சிருக்கு. எப்ப வர்றே?

தங்கச்சி


ஆகஸ்ட் 31

அன்புள்ள வாலு,

வருகிற வெள்ளிக்கிழமை வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன். பேராசிரியை குழந்தைக்கு ஒரு போர்வை கொடுத்திருக்கிறார். உன் மாமியாரை நேரில் பார்க்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பெயர் வைத்தவர் என்று அவருக்கு இங்கே பெரிய மரியாதை.

இன்று மாலை துணிக்கடைக்குப் போனேன். அந்தப் பக்கமே போகாதவன் நான். கடைப் பெண், "குழந்தைக்கு என்ன வயசு சார்?" என்று கேட்டாள். "பிறந்து அஞ்சு வாரம். ஆனா கணக்குப்படி பிறக்க இன்னும் ரெண்டு வாரம் இருக்கு" என்றேன். அவள் பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். அவள் உள்ளே போய் முதலாளியை அழைத்து வந்தாள். விளக்கிச் சொன்னேன். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் தங்கைக்கும் இப்படித்தான் ஆயிற்று என்றார். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறதாம்.

இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். உள்ளங்கை அளவுதான் இருந்தது. அளவு கச்சிதம் என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் கை அதைத் தாண்டிப் போய் மேல் தட்டிலிருந்த மஞ்சள் கவுனை எடுத்தது.

"அது ஒரு வயசுக் குழந்தைக்கு சார்," என்றாள் அந்தப் பெண். "இப்ப போட்டா உள்ளே ஆளே தெரியாது."

"தெரியும்மா," என்றேன். "அதையே கட்டுங்க."

அண்ணன்